யுஃபோனியம் சீசன் 3: ரெய்னா செய்தது துரோகமா? (முழுக்க ஸ்பாய்லர்)

#1 கடைசி_பெஞ்ச்

‘ஹிபிகே! யுஃபோனியம்’ என்ற ஜப்பானிய அனிமே தொடரின் மூன்றாம் சீசனை நேற்று ராத்திரி இரண்டாவது தடவை முடித்தேன். 2024இல் வாராவாரம் பார்த்தபோது 12ஆம் எபிசோடு முடிந்ததும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய் அரைமணி நேரம் சும்மா நின்றேன். இந்தத் தடவை அவ்வளவு அடிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. கியோட்டோவுக்குத் தெற்கே ஊஜி, ஆறும் தேயிலையும் உள்ள ஊர். அங்கே கிதாஊஜி என்ற மேல்நிலைப் பள்ளியின் பேண்டுக் குழு. குமிகோ வாசிப்பது யுஃபோனியம். டியூபாவுக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும், மடியில் வைத்து ஊதுகிற பித்தளை வாத்தியம். ரெய்னா டிரம்பெட். 2015இல் வந்த முதல் சீசனின் முதல் காட்சியிலேயே இருவரையும் உரச விட்டுவிடுகிறார்கள். நடுநிலைப் பள்ளிப் போட்டியின் முடிவு வருகிறது: தங்கம், ஆனால் அடுத்த சுற்று கிடையாது. (அங்கே போட்டிக்கு வரும் எல்லாக் குழுவுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என ஏதோ ஒன்று தருவார்கள். தங்கம் வாங்கியவர்களிலும் சிலர்தான் மேலே போவார்கள். மேலே போகாத தங்கத்துக்கு ‘தமே கின்’ என்று பெயர். தேறாத தங்கம்.) ரெய்னா அழுகிறாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக் குமிகோ பேச்சுக் கொடுக்க, அவள் ‘குயாஷி’ என்கிறாள். இதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. தோற்ற வயிற்றெரிச்சலும் தன்மேலேயே வரும் கோபமும் சேர்ந்த ஒன்று. அப்போது குமிகோ வாய் தவறிக் கேட்டுவிடுகிறாள்: நிஜமாகவே தேசியப் போட்டிக்குப் போவோம் என்றா நினைத்தாய்?

மூன்றாம் சீசனில் குமிகோ குழுவின் தலைவி. கடைசி வருடம். இருவரும் சேர்ந்து வாசிக்கும் ஒரு பகுதி உண்டு, டிரம்பெட்டும் யுஃபோனியமும். இதற்காகவே மூன்று வருடம் காத்திருந்தது போல இருக்கிறது. அப்போது வேறு பள்ளியிலிருந்து மாயு வந்து சேர்கிறாள். அவளும் யுஃபோனியம். நன்றாகவே வாசிக்கிறாள். தேசியச் சுற்றுக்கு முன் திரைக்குப் பின்னால் இருவரும் வாசிக்க, குழு ஓட்டுப் போடுகிறது. ஓட்டு சமமாகப் பிரிந்து முடிவு ரெய்னா கைக்கு வருகிறது. அவள் மாயுவின் வாசிப்பைத் தேர்ந்தெடுக்கிறாள்.

எந்த ஒலி குமிகோவுடையது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான்.

இது என்ன சிநேகிதம்? சும்மா கேட்கவில்லை, சொல்லுங்கள்.

#2 உப்புமா_சென்பாய்

அதனால்தான் சொல்கிறேன், ‘கே-ஆன்’ அனிமே பாருங்கள். அங்கேயும் வாத்தியம் இருக்கிறது, ஆனால் யாரும் யாரையும் ஓட்டுப் போட்டுக் கழட்டிவிட மாட்டார்கள். டீ, கேக், நடுவில் கொஞ்சம் கிடார். உடம்புக்கும் நல்லது.

#3 நாவல்_வாசி

கேள்வி ரெய்னாவைப் பற்றியதே இல்லை என்பது என் கட்சி. தாகேதா அயானோவின் மூல நாவலில் குமிகோதான் அந்தப் பகுதியை வாசிக்கிறாள். மாயு தோற்கிறாள். அனிமே அதைத் திருப்பிப் போட்டது. ஆக ரெய்னாவைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் திரைக்கதை எழுதிய ஹனாதா ஜுக்கியையும் இயக்குநர் இஷிஹாரா தத்சுயாவையும் கூப்பிட வேண்டும்.

எனக்கு அந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஒன்பது வருடமாக ஒரு பெண்ணைக் கூடவே நடந்து பார்த்திருக்கிறோம். முதல் சீசனில், இந்த இடத்தை நீ வாசிக்க வேண்டாம் என்று ஆசிரியர் தாக்கி சொன்னதும், ஊஜிப் பாலத்தில் ஓடிக்கொண்டே ‘நன்றாக வாசிக்கணும், நன்றாக வாசிக்கணும்’ என்று அழுதாளே, அவளுக்கு இதையாவது கொடுத்திருக்கலாம். உழைப்பு ஜெயிக்காமலும் போகும் என்று காட்டுவது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது. நிஜ வாழ்க்கையில் அதை இலவசமாகவே பார்க்கிறேன், அனிமேயிலுமா?

#4 வயலின்_அக்கா

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இந்தத் தளத்தில் எட்டு வருடமாகப் படிப்பது மட்டும்தான், எழுதியதில்லை. இந்த இழைக்காக எழுதுகிறேன்.

பத்தாவது படிக்கும்போது வயலின் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரே வாத்தியாரிடம் நானும் என் சிநேகிதியும். சைக்கிளில் டபுள்ஸ் போவோம், வயலின் பெட்டி இரண்டையும் பின்னால் உட்காருபவள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு போட்டிக்கு வாத்தியார் ஒருவரை மட்டும்தான் அனுப்ப முடியும். என்னை அனுப்பினார். வாசிப்பில் அவள் மேல். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வாத்தியாருக்கும் தெரியும். எங்கள் வீடும் வாத்தியார் வீடும் பழக்கம், அவ்வளவுதான் காரணம். நான் மூன்றாம் பரிசு வாங்கி வந்தேன். அவள் வந்து ‘சூப்பர்டி’ என்றாள். அடுத்த மாதம் வகுப்பை நிறுத்திவிட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை, பேச்சு மட்டும் குறைந்துகொண்டே போய்விட்டது. நான் பிளஸ்டூவோடு நிறுத்தினேன்.

அதனால் அந்தத் திரையைப் பார்த்ததும் எனக்கு வந்தது பொறாமை. யார் வாசிக்கிறார் என்று தெரியாமல் காது மட்டும் முடிவு செய்யும் ஓர் அறை! எங்கள் இருவருக்கும் அப்படி ஒரு திரை கிடைத்திருந்தால் நான் தோற்றிருப்பேன். சிநேகிதி மிஞ்சியிருப்பாள் என்று நம்புகிறேன்.

கடைசி_பெஞ்ச், ரெய்னா குமிகோவைத் தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் சீசனில் ரெய்னா ஒன்றாம் வருடப் பெண். மூன்றாம் வருட கவோரியிடமிருந்து டிரம்பெட் சோலோவைப் பறிக்கிறாள். பள்ளியே முறைக்கிறது. கவோரிக்கு இது கடைசி வருடம், நீ தோற்றுவிடு என்று இரண்டாம் வருட யூகோ ரெய்னாவிடம் தலை குனிந்து கெஞ்சுகிறாள். அரங்கத்தில் எல்லோர் முன்னாலும் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டி வருகிறது. முடிந்ததும் ஆசிரியர் கவோரியையே கேட்கிறார், நீங்கள் வாசிக்கிறீர்களா என்று. கவோரி மாட்டேன் என்கிறாள். கேட்டதும் அவளுக்கே தெரிந்துவிட்டது. அன்றைக்கு ரெய்னாவின் பக்கம் நின்றவள் யார்? குமிகோ. நன்றாக வாசிப்பவருக்குத்தான் இடம் என்று சொன்னவள் அவள். மூன்றாம் வருடத்தில் அதே ரெய்னா, ‘இப்போது என் சிநேகிதி, அதனால் விதி வேறு’ என்று ஓட்டுப் போட்டால் குமிகோவால் அந்த யுஃபோனியத்தை மடியில் வைக்க முடியுமா?

இன்னொன்றும் கவனியுங்கள். தான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று மாயு திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அந்தப் பெண்ணைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது. என் சிநேகிதிக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று. ஆனால் குமிகோ அதை ஏற்றுக்கொள்வதில்லை. விட்டுக்கொடுத்து வாங்கிய இடம் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த மூன்றாம் பரிசு எவர்சில்வர் டம்ளர் ரொம்ப நாள் எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

#5 கடைசி_பெஞ்ச்

அக்கா, இதைப் படித்துவிட்டு என் கேள்வியை அழித்துவிடலாமா என்று தோன்றியது. ஆனாலும் ஒன்று. அந்த முடிவுக்குப் பிறகு தைகிச்சி மலைமேல் ரெய்னா உடைந்து அழுகிறாள், குமிகோவோடு வாசிக்கத்தான் ஆசைப்பட்டேன் என்று. முதல் சீசனில் திருவிழா ராத்திரி வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் ஏறிய அதே மலை. சரி என்று தெரிந்து செய்தவள் ஏன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி அழ வேண்டும்?

#6 நாவல்_வாசி

வயலின் அக்காவுக்கு வணக்கம். உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம் மட்டும் பாக்கி இருக்கிறது.

ஒரு தகவல் மட்டும். இந்தத் தொடரை எடுத்த கியோட்டோ அனிமேஷனின் தலைமையகமே ஊஜியில்தான். பாலம், ஆற்றங்கரை, மலை எல்லாம் அவர்கள் தினமும் பார்ப்பது. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோவில் இருந்த அவர்களுடைய ஸ்டூடியோவுக்கு ஒருவன் தீ வைத்ததில் 36 பேர் இறந்தார்கள். இந்தத் தொடரின் பாத்திரங்களை வடிவமைத்த இக்கேதா ஷோகோவும் அதில் ஒருவர். மூன்றாம் சீசன் அதற்கு ஐந்து வருடம் கழித்து வந்தது. அந்தப் பெண்களின் முகம் மட்டும் மாறவில்லை. முடிவைப் பற்றித் திட்டும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து குரல் தானாக இறங்கிவிடுகிறது.

#7 பிளஸ்டூ_தவளை

அண்ணா, அக்கா, நான் இப்போது பிளஸ்டூ. முதல் சீசன் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், ஸ்பாய்லர் என்று தெரிந்தே படித்துவிட்டேன், பரவாயில்லை.

எல்லோரும் குமிகோ, ரெய்னா என்கிறீர்கள். எனக்கு ஆவோய்தான் மனதில் நின்றாள். மூன்றாம் வருடம், சாக்ஸபோன். முதலில் தாக்கி சார் கேட்பார், தேசியப் போட்டியா, ஜாலியாகப் பொழுதுபோக்கா, கை தூக்குங்கள் என்று. எல்லோரும் தேசியத்துக்குக் கை தூக்க, அவள் ஒருத்தி மட்டும் மாட்டேன் என்பாள். அப்புறம் நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்று குழுவை விட்டே போய்விடுவாள். யாரும் அவளைத் திட்டவில்லை, ஆனால் கதை அவளை அங்கேயே விட்டுவிட்டு மேலே போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் போன மே மாதமே கேரம் போர்டை மச்சில் ஏற்றிவிட்டார்கள். நான் மண்டல அளவில் ஆடியவன். நீட் முடியட்டும் என்றார்கள். ஆவோய் சாக்ஸபோனை வீட்டில் எங்கே வைத்திருப்பாள் என்று யோசித்தேன். கனவைத் துரத்துகிறவர்களைப் பற்றியே எல்லாக் கதையும் இருந்தால் துரத்தாமல் நின்றவன் என்ன பண்ணுவது?

#8 உப்புமா_சென்பாய்

தம்பி, முதலில் படி. இந்த இழை எங்கேயும் ஓடிவிடாது.

#9 தென்துருவம்

தவளைத் தம்பிக்கு ஒரு தொடர் சொல்கிறேன். ‘சோரா யோரி மோ தோய் பாஷோ’, 2018, மேட்ஹவுஸ் ஸ்டூடியோ, 13 எபிசோடு. இயக்கம் இஷிசுகா அத்சுகோ. எழுதியவர் மேலே நாவல்_வாசி கூண்டில் ஏற்றிய அதே ஹனாதா ஜுக்கி. (அவரைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.) நான்கு பெண்கள் அண்டார்டிகாவுக்குப் போகிறார்கள், கதை அவ்வளவுதான்.

அதில் ஹினாதா என்றொருத்தி. பள்ளியை விட்டு நின்றவள். கடையில் வேலை பார்த்துக்கொண்டே, பள்ளி முடித்ததற்குச் சமமான தேர்வைத் தனியாக எழுதித் தேறியவள். கனவு கினவு என்றெல்லாம் பெரிதாகப் பேச மாட்டாள், ஜாலியாகப் பொன்மொழி உதிர்ப்பாள். அவள் ஏன் நின்றாள் என்பது 11ஆம் எபிசோடில்தான் தெரிகிறது. ஓட்டப் பந்தயக் குழுவில் மூத்தவர்களை முந்தி இடம் பிடித்ததால் வந்த வினை. கூட இருந்தவர்களே ‘நன்றாக ஓடு’ என்று ஏற்றிவிட்டு, பிரச்சினை வந்ததும் கைவிட்டார்கள். கவனித்தீர்களா, ரெய்னாவின் கதையேதான். குமிகோ மாதிரி ஒருத்தி பக்கத்தில் நிற்காமல் போனால் ரெய்னா ஹினாதா ஆகிவிடுவாள். அதே கூட்டாளிகள், அவள் அண்டார்டிகாவிலிருந்து டிவியில் வரப் போகிறாள் என்றதும் மறுபடி ஒட்டிக்கொள்ள வருகிறார்கள். நால்வரில் இன்னொருத்தியான ஷிராசே கேமரா முன்னால் நின்று அவர்களை விளாசுகிறாள். மன்னித்து விடு என்று யாரும் ஹினாதாவுக்கு உபதேசம் செய்வதில்லை. நம் ஊர்க் கதை என்றால் கடைசியில் எல்லோரும் கட்டிப்பிடித்திருப்பார்கள்.

சிநேகிதம் என்றால் என்ன என்று கடைசி_பெஞ்ச் கேட்டார். எனக்கு இந்தத் தொடரின் 5ஆம் எபிசோடு. நால்வரில் ஒருத்தியான கிமாரி கிளம்பும் நாள் காலை. சின்ன வயதிலிருந்து கூட இருக்கும் மேகுமி வாசலில் வந்து நிற்கிறாள். உன்னைப் பற்றி வதந்தி பரப்பியது நான்தான், நீ என்னைச் சார்ந்தே இருப்பாய் என்று நினைத்தேன், நீ போவதைத் தாங்க முடியவில்லை, நம் சிநேகிதத்தை முறித்துக்கொள்ளலாம் என்கிறாள். கிமாரி நடந்து போய், திரும்பி வந்து, அவளைக் கட்டிக்கொண்டு காதருகே சொல்கிறாள்: முறித்தது செல்லாது. பிறகு ஓடிவிடுகிறாள். இவர்களிலும் ஒருத்தி மட்டும்தான் போகிறாள், மற்றவள் ஊரிலேயே நிற்கிறாள். தம்பி, நிற்கிறவளை இந்தத் தொடர் மறந்துவிடவில்லை. கடைசி நிமிடத்தில் அவள் எங்கிருந்து போட்டோ அனுப்புகிறாள் என்பதை நீயே பார்த்துக்கொள்.

அப்புறம் 12ஆம் எபிசோடு. ஷிராசேயின் அம்மா மூன்று வருடத்துக்கு முன் அண்டார்டிகாவில் காணாமல் போனவர். அவருடைய லேப்டாப் கிடைக்கிறது. கடவுச்சொல், மகளின் பிறந்தநாள். மெயில் திறந்ததும், அம்மா இல்லை என்று தெரிந்த பிறகும் மகள் அனுப்பிக்கொண்டே இருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அதுவரை அழாத பெண் ‘அம்மா’ என்று கதறுகிறாள். மற்ற மூவரும் கதவுக்கு வெளியே நின்று அழுகிறார்கள். உள்ளே போவதில்லை.

அந்தக் கதவுக்கு வெளியே நிற்பதுதான் எனக்கு முக்கியம். ஷோனென் தொடர்களில் (பையன்களுக்கென்று எடுப்பவை) நண்பன் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்குவார்கள், கத்துவார்கள், பின்னணி இசை எகிறும். அதுவும் எனக்குப் பிடிக்கும், ‘ஹைக்கியூ’ வாலிபால் தொடரைப் பார்த்து நள்ளிரவில் கத்தி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். ஆனால் பக்கத்தில் நின்றுகொண்டு உள்ளே போகாமல் இருப்பது வேறு கலை. ரெய்னாவின் ஓட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று படுகிறது.

#10 கடைசி_பெஞ்ச்

கிட்டத்தட்ட. கதவுக்கு வெளியே நின்றவர்கள் யாருக்கும் எதையும் பறிகொடுக்கவில்லையே. ரெய்னா தன் ஆசையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். அதனால்தான் மலையில் அந்த அழுகை என்று இப்போது தோன்றுகிறது. அவளும் தோற்றிருக்கிறாள்.

#11 நாவல்_வாசி

தென்துருவம் சொன்னதைப் பார்த்தேன், ஹனாதா மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்கவில்லை, தள்ளி வைக்கிறேன்.

தம்பியின் கேள்விக்கு என் பங்கு: ‘பிங் பாங்’, 2014, இயக்கம் யுவாசா மசாக்கி, 11 எபிசோடு. முதலில் ஓவியத்தைப் பார்த்து எல்லோரும் முகம் சுளிப்பார்கள், கோடு கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். அதில் சாகுமா என்றொருவன். எல்லோரையும் விட அதிகம் பயிற்சி செய்தவன். திறமைசாலியான ஸ்மைலிடம் படுதோல்வி. ‘நான் உன்னைவிடப் பத்து மடங்கு, நூறு மடங்கு உழைத்தேனே, ஏன் நீ?’ என்று கத்துகிறான். பதில் குரலே உயராமல் வருகிறது: உனக்கு டேபிள் டென்னிஸ் திறமை இல்லை, அவ்வளவுதான். இளைஞர் தொடர் ஒன்றில் இதைவிடக் கொடூரமான வசனம் நான் கேட்டதில்லை. ஆனால் சாகுமா அத்தோடு ஒழிந்துபோவதில்லை. விளையாட்டை விட்டுவிட்டு வேறு வாழ்க்கைக்குப் போகிறான். மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரிந்த ஸ்மைலின் சிநேகிதன் பெக்கோவை மறுபடி மேசைக்கு அனுப்புவதும் அவன்தான். தனக்கு இல்லாதது அவனிடம் இருப்பதை முதலில் பார்த்தவன்.

#12 உப்புமா_சென்பாய்

சரி, ஒரு தடவை சீரியஸாக எழுதுகிறேன், யாரும் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டாம்.

‘கே-ஆன்’ இரண்டாம் சீசன், 20ஆம் எபிசோடு. இயக்குநர் யமாதா நாவோகோ. பள்ளி விழாவில் கடைசிக் கச்சேரி முடிந்துவிட்டது. ஐந்து பேரும் கிளப் அறையில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே சாயங்காலம். அடுத்து என்ன பண்ணலாம் என்று பேச்சு வருகிறது. கிறிஸ்துமஸ் பார்ட்டி, புத்தாண்டுக்குக் கோயில், அப்புறம் புதுப் பிள்ளைகள் சேருவார்கள், அப்புறம் அடுத்த வருடப் பள்ளி விழா என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். அடுத்த வருட விழா இவர்களுக்குக் கிடையாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்துவிடுகிறது. அவ்வளவுதான், ஒவ்வொருத்தியாக உடைகிறார்கள்.

ஆரம்பத்தில் புடோகான் அரங்கில் வாசிப்போம் என்று லட்சியம் வைத்தார்கள். அந்த லட்சியம் டீயோடு கரைந்துபோனது, ஒருவரும் கவலைப்படவில்லை. ஜப்பானில் பள்ளி வருடம் மார்ச்சோடு முடியும், மூன்றாம் வருடத்துக்காரர்கள் அதற்கு ரொம்ப முன்பே கிளப்பிலிருந்து விடைபெற வேண்டும். கனவு பெரிதோ சின்னதோ தேதி ஒன்றுதான். உங்கள் யுஃபோனியத்திலும் அழுகைக்குக் காரணம் பாதி அந்தக் காலண்டர் என்பேன். கல்லூரியிலும் சேர்ந்து வாசிக்க நான்கு வருடம் இருந்திருந்தால் ரெய்னா அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

இப்போது பழையபடி: டீ குடியுங்கள்.

#13 வயலின்_அக்கா

உப்புமா, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

தவளை, நீ கேட்டதற்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும், நிறுத்தியவள் என்பதால். ஜிப்லி ஸ்டூடியோவின் 1995 அனிமேஷன் படம், கொண்டோ யோஷிஃபுமி இயக்கியது, ஆங்கிலத்தில் ‘விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்’. அவர் இயக்கிய ஒரே முழுநீளப் படம். மூன்று வருடத்தில், 47 வயதில் இறந்துவிட்டார். அதில் செய்ஜி வயலின் செய்யக் கற்றுக்கொள்ள இத்தாலியின் கிரெமோனாவுக்குப் போகத் துடிக்கிறான். அவனைப் பார்த்து ஷிசுகு தானும் ஏதாவது செய்தாக வேண்டும் என்று கதை எழுத உட்காருகிறாள். மார்க் சரிகிறது. வீட்டில் ரகளை. அவள் அப்பா சொல்கிற பதிலைத்தான் நான் என் பெண்ணுக்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். செய்து பார், ஆனால் மற்றவர்கள் போகாத வழியில் போனால் கஷ்டம்தான், யார் மேலும் பழி போட முடியாது என்பார்.

எழுதி முடித்ததும் செய்ஜியின் தாத்தாவிடம் கொடுக்கிறாள். அவர் படித்துவிட்டு, இப்போதுதான் பாறையிலிருந்து வெட்டி எடுத்த கல் மாதிரி இருக்கிறது, கரடுமுரடாக, முடிக்கப்படாமல் என்கிறார். அவள் அழுகிறாள். எழுதினால்தான் தெரிந்தது, இன்னும் நிறையப் படிக்க வேண்டும் என்கிறாள். தாத்தா அவளுக்குச் சுடச்சுட ஊதோன் நூடுல்ஸ் செய்து கொடுக்கிறார். பிறகு அவள் தேர்வுக்குப் படிக்கப் போகிறாள். எழுத்தை விட்டுவிடவில்லை, தள்ளி வைக்கிறாள். முப்பது வயதில் முதல் தடவை பார்த்தபோது அந்த நூடுல்ஸ் காட்சியில் நான் அழுதேன், ஏன் என்று என் கணவருக்குப் புரியவில்லை.

#14 பிளஸ்டூ_தவளை

அக்கா, உங்கள் வயலின் இப்போது எங்கே இருக்கிறது?

#15 வயலின்_அக்கா

பீரோ மேலே. நேற்று நாற்காலி போட்டு இறக்கினேன். இரண்டு தந்தி அறுந்திருக்கிறது, வில்லில் பூச்சி அரித்திருக்கிறது. சனிக்கிழமை கடைக்குக் கொண்டுபோகலாம் என்றிருக்கிறேன். சிநேகிதியின் நம்பர் என்னிடம் இல்லை, அவள் தம்பியின் நம்பர் இருக்கிறது.

#16 உப்புமா_சென்பாய்

தம்பி, கேரம் போர்டு மச்சில் இருந்தால் ஈரம் ஏறி வளைந்துவிடும். நிற்க வைக்காதே, படுக்கப் போடு. மேலே எதையும் ஏற்றாதே.

#17 பிளஸ்டூ_தவளை

நிற்கத்தான் வைத்திருக்கிறார்கள். இப்போதே ஏறுகிறேன்.